கருவறைக்குள் நுழையும் பசி

நுழையும்முன்

தாய் உண்பதே சேயின் உணவு. தாயின் உடலுக்குள் செல்லும் நஞ்சும் அவ்வாறே சேயைச் சென்றடைகிறது. புகையிலை, மது, கஞ்சா முதலிய போதைப்பொருள்கள் கருவுக்குத் தீங்கு செய்பவை என்பதைப் பலரும் அறிவர். அத்தீங்கின் பெரும்பகுதி பசியின் வடிவில் நிகழ்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. தாயின் தட்டில் உணவு இருந்தாலும், அது கருவைச் சென்றடையாதபடி போதைப்பொருள் வழிமறிக்கிறது. அது நிகழும் முறையையும் அதிலிருந்து மீளும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

கரும்புக் கொல்லையில் ஒரு வழக்கம்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் நெல்லிக்குப்பம். 1842ஆம் ஆண்டு முதல் சர்க்கரை ஆலைத் தொழிலால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றிலும் கரும்புக் கொல்லைகள் பரந்து கிடக்கின்றன. கரணை நடுதல், களையெடுத்தல், சோகை உரித்தல், வெட்டிய கரும்பைக் கட்டுதல் எனக் கரும்பு சார்ந்த வேலைகள் பலவற்றில் பெண்களின் உழைப்பு கலந்துள்ளது. காலையில் கொல்லைக்குச் செல்லும் கூலிப் பெண்களுக்கு நண்பகல் உணவு சில நாள்களில் பிந்திப்போகும். சில நாள்களில் போதாமலும் போகும்.

கடும் உழைப்பில் ஈடுபடும் மக்களிடையே பசியைத் தள்ளிப்போடப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படுகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்ந்தால் பசி அடங்கியதுபோலத் தோன்றும்; களைப்பும் மறையும். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் வேதிப்பொருள் பசியுணர்வை மட்டுப்படுத்துவதே இதற்குக் காரணமாகும். பசியுணர்வு மறைந்தாலும் உடலின் உணவுத்தேவை மறைவதில்லை. அப்பெண் கருவுற்றிருப்பாளாயின், அவளோடு சேர்ந்து மற்றோர் உயிரும் உணவின்றிக் காத்திருக்கிறது.

தாம்பூலம் தமிழர் மரபில் மங்கலப்பொருளாகப் போற்றப்படுகிறது. திருமணத்திலும் வளைகாப்பிலும் வெற்றிலை பாக்கிற்குத் தனி இடமுண்டு. ஆயினும் புகையிலை அப்பழைய மரபைச் சேர்ந்தது அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அச்செடி போர்ச்சுகீசியர் வழியாகவே இந்தியாவிற்கு வந்தது. ஆகவே, தாம்பூலத்தோடு புகையிலையைச் சேர்ப்பதை மரபு எனக் கொள்ளுதல் பொருந்தாது. பாக்கும் தீங்கற்றது அன்று. புகையிலை சேராத நிலையிலும் அது புற்றுநோயைத் தோற்றுவிக்கக்கூடியது என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

நஞ்சுக்கொடி என்னும் வாயில்

கருவுக்கு வாயால் உண்ணும் தேவை இல்லை. கருப்பையின் சுவரில் ஒட்டி வளரும் நஞ்சுக்கொடியே அதற்கு உணவுக் குடலாகவும் நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் செயல்படுகிறது. பேறுகாலத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பின் ஒருபுறம் தாயின் குருதியும் மறுபுறம் சேயின் குருதியும் ஓடுகின்றன. அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. இடையிலுள்ள மெல்லிய படலத்தின் வழியாக உயிர்வளி, சர்க்கரை, அமினோ அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், இரும்பு, சுண்ணாம்புச் சத்து முதலியன சேயைச் சென்றடைகின்றன. சேயின் கழிவுகள் தாயின் குருதிக்குத் திரும்புகின்றன.

இப்படலம் தீயனவற்றையெல்லாம் தடுத்து நல்லனவற்றை மட்டும் அனுப்பும் அரண் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை உலகறியத் தகர்த்தது தாலிடோமைடு என்னும் மருந்தாகும். 1957ஆம் ஆண்டு மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, கருவுற்ற பெண்களின் குமட்டலைத் தணிக்கவும் பயன்படுத்தப்பட்டது. அதனை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்தன. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருந்து அங்கு திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர். சிறிய மூலக்கூறுகளாக அமைந்த பொருள்கள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும் என்பது அதன்பின் ஐயத்திற்கு இடமின்றி உணரப்பட்டது. நிக்கோட்டின், ஆல்கஹால், கஞ்சாவின் போதைக்கூறு, அபின் வகைப் பொருள்கள் ஆகிய அனைத்தும் இவ்வாயிலை எளிதில் கடப்பவையே.

உணவைப் பறிக்கும் நான்கு வழிகள்

கருவுற்ற காலத்தில் தாயின் உணவுத்தேவை உயர்கிறது. வழக்கமான உணவுடன் நாள்தோறும் ஏறத்தாழ 350 கிலோ கலோரி ஆற்றல் கூடுதலாகத் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. புரதம், இரும்பு, ஃபோலிக் அமிலம், சுண்ணாம்புச் சத்து, அயோடின், துத்தநாகம் ஆகியவற்றின் தேவையும் மிகுதியாகும். இத்தகைய காலத்தில் போதைப்பொருள் நான்கு வழிகளில் உணவைப் பறிக்கிறது.

முதலாவது, உணவு தட்டிற்கே வராமல் போகிறது. போதைப்பொருள் பசியைக் குறைக்கிறது. குடும்ப வருவாயின் ஒரு பகுதி அதற்குச் செலவாகும்போது பாலும் முட்டையும் பருப்பும் கீரையும் அடுக்களையிலிருந்து மறைகின்றன. போதைப் பழக்கம் கணவனுடையதாக இருந்தாலும் அதன் இழப்பு மனைவியின் தட்டில் தெரிகிறது. அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில் இவ்விழப்பு மேலும் கடுமையானது.

இரண்டாவது, உண்ட உணவு உடலில் சேர்வதில்லை. மது குடலின் உட்சுவரைப் பாதித்து ஃபோலிக் அமிலமும் தயமினும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைந்து, அது குருதியில் சேர்வதைக் குறைக்கிறது. உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவதாலும் இதே விளைவு ஏற்படுகிறது.

மூன்றாவது, சேர்ந்த சத்தும் வீணாகிறது. புகைப்பவரின் உடலில் வைட்டமின் சி விரைவாகச் செலவழிகிறது. மது அருந்துவோரின் உடலிலிருந்து துத்தநாகமும் மக்னீசியமும் சிறுநீர் வழியாக மிகுதியாக வெளியேறுகின்றன. கல்லீரல் பழுதுறும்போது சத்துகளைச் சேமித்து வைக்கும் திறனும் குறைகிறது.

நான்காவது, எஞ்சிய சத்து சேயைச் சென்றடைவதில்லை. நிக்கோட்டின் குருதிக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. வாய்க்கால் குறுகினால் வயலுக்குப் பாயும் நீர் குறைவதுபோல, நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதியின் அளவு குறைகிறது. தாய் நல்லுணவு உண்டிருந்தாலும் சேய்க்கு அதில் ஒரு பகுதி கிடைக்காமல் போகிறது.

புகையிலையும் பிறப்பு எடையும்

பீடி, சிகரெட் ஆகியவற்றின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வளி உள்ளது. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது உயிர்வளியைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையுடன் பிணைகிறது. இதனால் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை ஓரளவு இழக்கிறது. இரத்தசோகையுள்ள தாயின் உடலில் இவ்விழப்பு இரட்டிப்புத் துன்பமாகிறது. மண்ணிலுள்ள காட்மியம் என்னும் உலோகத்தைப் புகையிலைச் செடி தன் இலையில் சேர்த்து வைக்கிறது. அவ்வுலோகம் தாயின் உடலில் புகும்போது, துத்தநாகம் நஞ்சுக்கொடியிலேயே தேங்கிச் சேயைச் சென்றடையாமல் போகிறது.

கருவுற்ற காலத்தில் தொடர்ந்து புகைக்கும் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 200 கிராம் எடை குறைந்து பிறக்கின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழகத்தில் புகைக்கும் பெண்கள் மிகச் சிலரே. ஆயினும், வீட்டிற்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாலும் கரு பாதிக்கப்படுகிறது. மேலும், மென்று சுவைக்கும் புகையிலையில் புகை இல்லை. எனவே தீங்கும் இல்லை என்னும் தவறான எண்ணம் பரவலாக நிலவுகிறது.

இவ்வெண்ணத்தைத் திருத்தும் சான்று மும்பையிலிருந்து கிடைத்தது. அந்நகரில் 1217 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2004ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. புகையற்ற புகையிலையைப் பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள், பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னரும், சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தமை அதில் கண்டறியப்பட்டது. குறைமாதப் பேறும் அவர்களிடையே மிகுதியாக இருந்தது. நலமாகப் பிறக்கும் மூன்று கிலோ குழந்தைக்கு 105 கிராம் சிறிய அளவாகத் தோன்றலாம். 2500 கிராம் என்னும் எல்லைக்கோட்டின் அருகில் பிறக்கும் குழந்தைக்கோ, எடை குறைந்த குழந்தை என்னும் இடர்நிலைக்கு அதனைத் தள்ளிவிட அச்சிறு குறைவே போதுமானது.

தெரிந்து தெளிவோம்

பிறக்கும்போது 2500 கிராமுக்குக் குறைவாக உள்ள குழந்தை எடை குறைந்த குழந்தை எனப்படும். கருவுற்ற பெண்ணின் குருதியில் ஒரு டெசி லிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது இரத்தசோகையாகும். 2019 – 21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் இரத்தசோகை உடையவர்கள்.

மதுவும் ஃபோலிக் அமிலமும்

ஒரு கிராம் ஆல்கஹால் ஏழு கிலோ கலோரி ஆற்றலைத் தருகிறது. அதில் புரதமோ வைட்டமினோ தாது உப்போ இல்லை. மது அருந்துவோர் வயிறு நிறைந்ததாக உணர்ந்து உணவைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாய் அருந்திய மது சிறிது நேரத்திலேயே சேயின் குருதியிலும் ஏறத்தாழ அதே அளவை எட்டுகிறது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் சேயின் கல்லீரலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. பனிக்குட நீரில் கலந்த மதுவைச் சேய் மீண்டும் விழுங்குவதும் நிகழ்கிறது.

மது அருந்திய தாய்மார்களின் குழந்தைகளிடம் காணப்பட்ட வளர்ச்சிக் குறைபாடுகளை 1968ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மருத்துவர் பால் லெமுவான் பதிவு செய்தார். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் அதனைக் கருநிலை மது நோய்த்தொகுதி எனப் பெயரிட்டு விளக்கினர். உடல் வளர்ச்சிக் குறைவு, முக அமைப்பில் மாற்றம், மூளை வளர்ச்சிக் குறைவு, கற்றலில் இடர்ப்பாடு ஆகியன அதன் கூறுகள். கருவுற்ற காலத்தில் இவ்வளவு மது தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு எதுவும் இல்லை.

மது கவரும் சத்துகளுள் முதன்மையானது ஃபோலிக் அமிலம். அச்சத்தின் வரலாறு தமிழகத்தோடும் தொடர்புடையது. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் மும்பைக்கு வந்தார். அங்குள்ள துணி ஆலைகளில் பணியாற்றிய கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கொடிய இரத்தசோகையை ஆராய்வது அவருடைய நோக்கமாக இருந்தது. குன்னூரிலும், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் மகளிர் மருத்துவமனையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்ட பெண்கள் அந்நோயிலிருந்து தேறியதை 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். நோயின் காரணம் கிருமி அன்று. உணவிலிருந்த குறையே என்பது அதனால் புலப்பட்டது. அந்தச் சாற்றில் இருந்த சத்தே ஃபோலிக் அமிலம் எனப் பின்னாளில் அறியப்பட்டது. 1941ஆம் ஆண்டு பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், இலை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைந்தது.

கருவின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடித்தளமான நரம்புக்குழல், கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். ஃபோலிக் அமிலம் குறைந்தால் அது முழுமையாக மூடாமல் போகும் வாய்ப்பு மிகுதி. முன்னர் அத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 1991ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இச்சத்தை உரிய காலத்தில் கொடுத்தால் அக்குறை மீண்டும் நேர்வதை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தவிர்க்கலாம் என நிறுவியது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உணரும் முன்னரே இந்நான்கு வாரங்கள் கடந்துவிடுகின்றன. எனவே, போதையை விலக்குதலும் சத்தைப் பெறுதலும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டியவை.

பிறந்த பின்னும் தொடரும் விளைவு

கஞ்சா, அபின் வகைப் பொருள்கள், கொக்கைன் முதலியவையும் கருவின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. கொக்கைன் கருப்பைக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் கடுமையாகக் குறைக்கிறது. அபின் வகைப் பொருளுக்குப் பழகிய தாயின் குழந்தை, பிறந்த சில நாள்களில் அப்பொருள் கிடைக்காத தவிப்பிற்கு ஆளாகிறது. இடைவிடாத அழுகை, நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன அதன் அறிகுறிகள். அக்குழந்தையால் பாலைச் சீராக உறிஞ்சிக் குடிக்க இயலுவதில்லை. தவிப்பினால் அதன் ஆற்றல் தேவையோ உயர்கிறது. கருவறையில் தொடங்கிய பசி தொட்டிலிலும் தொடர்வது இவ்வாறே.

கருவறைப் பசியின் தடங்கள் முதுமை வரை நீள்வதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 – 45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நெதர்லாந்தின் ஒரு பகுதியில் கொடும் பஞ்சம் நிலவியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்கள் வளர்ந்தபின், உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியவர்களாக அவர்களுள் பலர் இருந்தமையை ஆய்வாளர்கள் கண்டனர். குறைந்த உணவிற்கேற்ப வயிற்றிலேயே தகவமைந்த உடல், பிற்கால வாழ்வில் அதற்கான விலையைக் கொடுக்கிறது. அப்பஞ்சத்தைப் போர் உருவாக்கியது. போதைப்பொருள் உருவாக்கும் பஞ்சமோ, அறுவடை நிறைந்த ஊரிலும் ஒரு வீட்டிற்குள் ஓசையின்றி நிகழக்கூடியது.

மருந்தை உட்கொள்வதிலும் விழிப்பு வேண்டும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஃபோலிக் அமிலத்தின் அளவைக் குறைக்கின்றன. அதற்காக அம்மருந்தைத் தாமாக நிறுத்திவிடுதல் தாய்க்கும் சேய்க்கும் பேரிடராக முடியும். மருத்துவரிடம் தெரிவித்து, மருந்தை மாற்றுவதும் சத்தின் அளவைக் கூட்டுவதுமே தக்க வழியாகும். மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் மாத்திரை வாங்கி உண்ணும் வழக்கமும் கருவுற்ற காலத்தில் கைவிடத்தக்கது.

மீளும் வழி

மேற்கூறியவை அச்சத்தை விளைவிப்பதற்காக அல்ல. போதைப் பழக்கத்தை எப்போது நிறுத்தினாலும் பயன் உண்டு என்பதே மருத்துவம் கூறும் நம்பிக்கைச் செய்தி. கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே புகைப்பதைக் கைவிட்ட தாய்மார்களின் குழந்தைகள், புகைக்காத தாய்மார்களின் குழந்தைகளை ஒத்த எடையுடன் பிறக்கின்றனர். கார்பன் மோனாக்சைடு சில நாள்களிலேயே குருதியிலிருந்து நீங்கிவிடுகிறது. எனினும், மதுவிற்கும் அபின் வகைப் பொருள்களுக்கும் நெடுநாள் பழகியவர்கள் அவற்றைத் திடீரென நிறுத்துதல் தாய், சேய் இருவருக்கும் இடர் தரும். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே அதிலிருந்து மீள வேண்டும்.

நிறுத்துதல் பணியின் ஒரு பாதியே. இழந்த சத்தை மீட்டுக் கொடுத்தல் மறுபாதி. அதற்கான ஏற்பாடுகள் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை பரவியுள்ளன. கிராம சுகாதார செவிலியர் கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து எடை, குருதி அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைக் கண்காணிக்கிறார். அங்கன்வாடி மையங்களில் சத்துமாவு வழங்கப்படுகிறது. 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை, நான்காம் மாதம் முதல் 180 நாள்களுக்கு அளிக்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் வழங்குகிறது. கூடுதல் கவனிப்புத் தேவைப்படுவோருக்குக் கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 104 என்னும் எண்ணில் நலவாழ்வு ஆலோசனையும், 1800112356 என்னும் தேசிய எண்ணில் புகையிலையைக் கைவிட வழிகாட்டுதலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. குட்கா, பான் மசாலா முதலியவற்றின் விற்பனைக்குத் தமிழக அரசு 2013ஆம் ஆண்டு தடை விதித்தது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் ஒரு தடை எஞ்சியுள்ளது. அது நாணமும் அச்சமும் ஆகும். புகையிலை போடும் பழக்கத்தைச் செவிலியரிடம் சொன்னால் ஏளனம் செய்வார்களோ, வீட்டில் சண்டை மூளுமோ என அஞ்சும் பெண் அதனை மறைத்துவிடுகிறாள். மறைக்கப்பட்ட பழக்கத்திற்கு எந்த மாத்திரையும் மருந்தாகாது. இரத்தசோகைக்குக் கொடுக்கப்படும் மாத்திரை ஏன் பயன் தரவில்லை என்பதும் விளங்காமலேயே போகும். பழிச்சொல் பழக்கத்தை மறைக்கும். பரிவான கேள்வி அதனை வெளிக்கொணரும். கணவன் வீட்டிற்குள் புகைப்பதை நிறுத்துவதும், மாமியார் மருமகளை முதலில் உண்ணச் சொல்வதும், வேலை வாங்குவோர் நேரத்தில் உணவு உண்ண இடைவேளை அளிப்பதும் மருத்துவத்தின் பகுதிகளே.

பசியை மறக்கப் புகையிலையை நாடிய பெண்ணுக்கு முதல் தேவை உணவு. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, வேர்க்கடலை, பருப்பு, முட்டை, மீன் போன்றவை இம்மண்ணில் கிடைக்கும் எளிய உணவுகள். நெல்லிக்குப்பத்தின் பெயரிலேயே ஒலிக்கும் நெல்லியும் அவற்றோடு சேரத்தக்கது. நெல்லிக்கனியில் நிறைந்துள்ள வைட்டமின் சி, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைசெய்கிறது. கொல்லைக்குச் செல்லும் பெண்ணின் மடியில் புகையிலைப் பொட்டலம் இருந்த இடத்தில் ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு நெல்லிக்கனியும் இடம்பெறுமாயின், அவள் சுமக்கும் உயிர்க்கும் அன்றைய உணவு தவறாது சென்றடையும்.